சுந்தரிக்குச் சளி, காரணம் நான்

மெல்பர்னிலிருந்து சென்னையில் வந்திறங்கிய நாலாம் நாள், அம்மாவின் பூனை சுந்தரிக்குத் தும்மல். மறுநாள் மூக்கு ஒழுகி, ஒரு கண் பீளை கட்டி மூடிக்கொண்டது. வஞ்சிர மீனை வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில்தான் அம்மா பயந்துபோனார்.

தெருமுனை மருந்துக்கடையில் கேட்டால், குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். நல்லவேளை, எனக்கு விஷயம் தெரியும். பூனை உடம்பு அதைத் தாங்காது. ரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு உயிரே போய்விடும்.

பழக்கூடையில் சுந்தரியை வைத்துக் கட்டி, ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அதன் மருத்துவமனை. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சுற்றிலும் நாய்கள். பூனையோடு போகிறவர்கள் கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தரையில் வேண்டாம்.

மருத்துவர் இளம்பெண். “தடுப்பூசி போட்டிருக்கீங்களா?”

“வெளியவே போகாத பூனைக்கு எதுக்கும்மா ஊசி?” என்றார் அம்மா.

“சரி, வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?”

அம்மா என்னைக் கை காட்டினார்.

சுந்தரி தெருவில் கிடைத்தவள்; வந்தபோதே கண் ஒழுகிக்கொண்டிருந்ததாம். அப்போது தொற்றிய ஹெர்பெஸ் வைரஸாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அது நரம்புக்குள் ஆயுசுக்கும் பதுங்கியிருக்கும். பூனை மிரண்டால் தலைதூக்கும். நாங்கள் நாலு பேர், ஆறு பெட்டி, போதாததற்கு அவள் தூங்கும் அறையையும் பிடித்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டேன். இந்த வைரஸ் மனிதருக்கு வராது.

வைரஸோடு சேர்ந்துகொண்ட பாக்டீரியாவுக்கு டாக்ஸிசைக்ளின். மாத்திரை தொண்டையில் நின்றால் புண்ணாக்கிவிடும் என்பதால், உடனே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் பத்து நிமிடம் அவளோடு உட்காரச் சொன்னார். அம்மா தைலத்தை நினைத்திருப்பார் போல. “கற்பூரம் சேர்ந்த எதுவும் பக்கத்துல வரக்கூடாது” என்று மருத்துவரே முந்திக்கொண்டார். மீனை வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எட்டும். மூக்கடைத்த பூனை வாசனை தெரியாமல்தான் பட்டினி கிடக்கிறது. பல நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி ஆபத்து.

இதற்கான தடுப்பூசி, மெல்பர்னில் எஃப்3 என்கிற ஊசிதான், இங்கே ட்ரைகேட். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒன்று. தொற்றை முழுக்கத் தடுக்காது, ஆனால் இந்த அளவுக்குப் படுத்தாது. சுந்தரிக்குக் குணமானதும் போட வேண்டும்.

அன்று ராத்திரியே அறையைக் காலி செய்து அவளிடம் ஒப்படைத்தோம். மிச்ச விடுமுறை முழுக்க நாங்கள் நாலு பேரும் ஹாலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே.