வகுப்பறையில் இணையக் கருவிகள்: பல கல்வியாண்டுகளுக்குப் பிறகும் கையில் இருப்பவை

ஒரு கருவி முதல் வாரம் நன்றாக ஓடுவது பெரிய விஷயம் இல்லை. மூன்றாவது கல்வியாண்டிலும் யாரும் சொல்லாமலே ஆசிரியர் அதைத் திறக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படிச் சலித்துப் பார்த்தால் மிஞ்சுபவை கொஞ்சம்தான்: கூகுள் ஃபார்ம்ஸ் (இணையக் கேள்விப் படிவம்), பிளிக்கர்ஸ் (விடை அட்டைகள்), ஜியோஜீப்ரா (வடிவியல் வரைதல்), ஃபெட் உருவகங்கள் (திரையில் செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள்). மாணவர் எங்கே சறுக்குகிறார், ஏன் சறுக்குகிறார் என்பதை அடுத்த பீரியடுக்குள் ஆசிரியருக்குக் காட்டிவிடுவதுதான் இவை நான்குக்கும் பொதுவான குணம். கண்ணுக்கு அழகாக இருந்து இதைச் செய்யாதவை எல்லாம் ஓராண்டுக்குள் ஓரம்போய்விடுகின்றன.

முதலில் கூகுள் ஃபார்ம்ஸ். இதன் வினாடி வினா வசதி 2016-இல் வந்தது. பலரும் மதிப்பெண் போடும் வேலை மிச்சம் என்று மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதன் உண்மையான பலன் தவறான விடைகளை எப்படி எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு 5/6, 2/5, 2/6, 1/6 என்று நான்கு விடைகள் கொடுங்கள். 2/5 தேர்ந்தெடுத்தவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். 2/6 என்றவர் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டு, தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார். 1/6 என்றவர் பெருக்கிவிட்டார். விரிதாளில் அந்த ஒரு நெடுவரிசையைப் பார்த்தாலே நாளை யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிடும். தவறான விடையை 7, 19, 44 என்று கைக்கு வந்தபடி போட்டிருந்தால் மதிப்பெண் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்த படி, விடைக்கு ஏற்ப வேறு பிரிவுக்கு அனுப்புவது. கேள்வியின் மூன்று புள்ளி மெனுவில் அந்த வசதி இருக்கிறது. ஒரு விடை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும் கீழ்விரிபட்டியல் கேள்விகளுக்கும்தான் வேலை செய்யும். 2/5 என்றவரை ஒரு விளக்கப் பிரிவுக்கும் 2/6 என்றவரை வேறொரு பிரிவுக்கும் அனுப்பலாம். இதில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, விளக்கப் பிரிவு முடிந்ததும் எங்கே போக வேண்டும் என்று குறிக்காமல் விடுவது. அப்போது மாணவர் வரிசையாக அடுத்தடுத்த விளக்கங்கள் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வருவார். தன் தப்பு எது என்றே அவருக்குக் குழம்பிவிடும். இரண்டாவது தப்புதான் நஷ்டம் அதிகம். விளக்கம் படித்ததும் அதே கேள்விக்குத் திருப்பி அனுப்பினால், அவர் மாற்றிய கடைசி விடைதான் விரிதாளில் ஏறும். முதலில் செய்த தவறு தடயமே இல்லாமல் போய்விடும். நமக்குத் தேவை அந்தத் தவறுதானே! ஆகவே திருப்பி அனுப்பாமல், விளக்கப் பிரிவின் கடைசியில் 1/4 + 1/3 என்று புதுக் கேள்வி ஒன்று வையுங்கள்.

விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியைப் போட்டால், 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை முதல் இடத்துக்கு வந்து நிற்கலாம். அதற்குப் பதில் 'இவை அனைத்தும்' என்று எழுதிவிடுங்கள். இணைப்பை அனுப்பும்போது திருத்தும் பக்கத்தின் முகவரியை நகலெடுக்காதீர்கள். அந்தப் படிவத்துக்குத் திருத்தும் அனுமதியும் கொடுத்து வைத்திருந்தால் மாணவர்கள் கையில் கேள்வித்தாளே போய்ச் சேரும்.

தமிழில் தட்டச்சு செய்யும் சிறு விடைகளுக்குத் தானியங்கித் திருத்தத்தை நம்பவே கூடாது. கௌரி, கெளரி: இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி ஒன்றாக இருக்கிறது. இரண்டாவதில் எகரக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். சரியாக எழுதியதாகத் தெரியும் விடைக்குப் பூஜ்யம் வந்தால் குழந்தைக்கு எதுவும் புரியாது. ஆசிரியர் திரையைப் பார்த்தாலும் புரியாது. விடைக்குறிப்பில் இரண்டு வடிவங்களையும் சேருங்கள். மற்ற எல்லா விடைகளும் தவறு என்று குறிக்கும் பெட்டியை டிக் செய்யாமல் விடுங்கள். அப்போது பொருந்தாத விடைகளை நாமே பார்த்து மதிப்பெண் போடலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி, பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கேள்வித்தாள்கள். அவற்றை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் வரும், ஏனென்றால் அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு ஒரு மாற்றி வழியாக மாற்றலாம். ஆனால் தாளில் இருக்கும் உண்மையான ஆங்கிலமும் சேர்ந்து மாறிவிடும்: செ.மீ., கி.கி. அலகுகளின் ஆங்கிலக் குறிகள், வேதியியல் குறியீடுகள், இயற்கணிதத்தின் எக்ஸ், ஒய் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகக் கிடக்கும். கணக்கு, அறிவியல் தாள்களை வரி வரியாக மாற்றுவதுதான் முடிவில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மாணவர் கையில் கருவியே இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் போல ஒன்று இல்லை. ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஓர் அட்டை. நடுவில் கறுப்புச் சதுர வடிவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். ஆசிரியர் செல்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒரு ஓட்டம் ஓட்டினால் போதும், யார் என்ன சொன்னார் என்று பதிவாகிவிடும். அட்டையில் எழுத்துகள் சிறியதாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து விடை சொல்லவும் முடியாது. கை தூக்கத் தயங்கும் குழந்தையும் பதில் சொல்கிறது. தடித்த தாளில் அச்சிடுங்கள். கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பான லேமினேஷன் போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டு வடிவம் மறைந்துவிடும், கேமரா படிக்காது. கறுப்பின் மேல் விரல் படாமல் வெள்ளை ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். மாணவர்களுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் அட்டை இருண்டு தெரியும். நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய சிக்கல் அட்டை மாறிப்போவது. நண்பர்கள் இருவர் மாற்றிக்கொண்டால் அன்றைய பதிவு முழுக்க பெயர் மாறி இருக்கும். அட்டையின் பின்பக்கம் மாணவரின் வரிசை எண்ணைப் பேனாவால் எழுதி வைத்தால் இது நிற்கும்.

வேகமாக விடையை அழுத்திப் புள்ளி சேர்க்கும் வினாடி வினா விளையாட்டான கஹூட் எல்லோருக்கும் பிடிக்கிறது, உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் கற்றலை அளக்க அதை வைக்காதீர்கள். வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. கடைசி நொடியில் சரியாகச் சொன்னவருக்கு ஏறத்தாழ 500. அதாவது நிதானமாக வாசிக்கும் குழந்தைக்குச் சரியான விடை தெரிந்தும் பாதிதான். வாசிப்பில் தடுமாறுபவர் இரண்டு வாரத்தில் ஊகித்து அழுத்தக் கற்றுக்கொண்டுவிடுவார், நமக்கு வரும் தகவலும் பொய்யாகிவிடும். கேள்விகளில் புள்ளி இல்லை என்ற அமைப்பைத் தேர்ந்து, நேரத்தையும் கூட்டி வைத்தால் ஓரளவு சரி. எழுத்து வரம்பு உள்ள எந்தக் கருவியிலும் தமிழ்க் கேள்வி சீக்கிரம் முட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 'தமிழ்' என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் யூனிகோடில் ஐந்து.

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கியது. வடிவியலுக்கு இதைவிட நல்ல கருவி இதுவரை கிடைக்கவில்லை, காரணம் ஒரு புள்ளியை இழுத்துப் பார்க்கலாம் என்பதே. செங்கோண முக்கோணம் வரையச் சொல்லுங்கள். கண்ணளவில் வரைந்தவரின் முக்கோணம் ஒரு முனையை இழுத்ததும் கோணலாகிவிடும். செங்குத்துக் கோட்டுக் கருவியால் கட்டியவருடையது எப்படி இழுத்தாலும் 90° காட்டும். வரையறை புரிந்ததா என்று அந்த ஓர் இழுப்பு சொல்லிவிடுகிறது.

முக்கோணக் கோணங்களின் கூடுதலைக் காட்டும்போது ஒரு பொறி உண்டு. தசமத்தை எடுத்துவிட்டு முழு எண்ணாக வைத்தால், திரையில் 60°, 60°, 61° என்று வந்து 181 ஆகும். உள்ளே இருப்பது 59.7, 59.7, 60.6, ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையாக்கப்படுகிறது. முன்னேற்பாடு இல்லாவிட்டால் விதியே தப்பு என்று வகுப்பு முடிவுகட்டும். இரண்டு தசம இடம் வைத்தால் வித்தியாசம் 0.01 அளவுக்குச் சுருங்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் 181-ஐ வேண்டுமென்றே காட்டி, எங்கிருந்து ஒன்று வந்தது என்று கேட்கலாம். 60° வர வேண்டிய இடத்தில் 300° வந்தால் புள்ளிகளைத் தொட்ட வரிசை மாறியிருக்கிறது, ஏனென்றால் கோணத்தை அது இடஞ்சுழியாக அளக்கிறது. பண்புகளில் 0°-க்கும் 180°-க்கும் இடையே என்று வைத்தால் சரியாகும்.

ஃபெட் உருவகங்களை கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் நோபல் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல்5 கோப்பாகப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். முதல் ஐந்து நிமிடம் சும்மா விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் பீரியடு முழுக்க விளையாட்டுதான். பிறகு கையை எடுக்கச் சொல்லி, "இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும்?" என்று கேட்டு விடையை நோட்டில் எழுத வையுங்கள். எழுதிய பிறகே திரையைத் தொட வேண்டும். இந்த ஒரு படியை விட்டால் எல்லோரும் 'எனக்கு முன்னமே தெரியும்' என்பார்கள், தப்பான எண்ணம் உள்ளேயே தங்கிவிடும். உருவகத்தில் இணைப்பு தளர்வதும் இல்லை, துரு ஏறுவதும் இல்லை. அதனால் பேட்டரி, பல்பு, கம்பியை அதே வாரம் கையில் கொடுப்பது அவசியம்.

இனி பாடத்தை நிறுத்திவைக்கும் பழுதுகள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்தும்போதும் தேதி பின்னுக்குப் போகும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. காலையில் நன்றாக இருந்த வைஃபை மதியம் புதுக் கருவிகளைச் சேர்க்க மறுத்தால், ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒதுக்கும் முகவரிகள் தீர்ந்திருக்கலாம். 100 முகவரிகளை 24 மணி நேரத்துக்குக் கொடுக்கும் அமைப்பில், போய்விட்ட வகுப்பின் கருவிகளுக்கும் இடம் ஒதுக்கியே இருக்கும். அந்த நேரத்தை ஒரு மணியாகக் குறைத்து, முகவரி எண்ணிக்கையையும் கூட்டுங்கள். 40 பேரும் ஒரே காணொளியைத் தனித்தனியே ஓட்டினால் தலைக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தாலும் நொடிக்கு 100 மெகாபிட் வேண்டும். காணொளி புரொஜெக்டரில் ஒன்றே ஓடட்டும். புரொஜெக்டரில் படம் வந்து கணினி ஒலிபெருக்கியில் சத்தம் வராவிட்டால், ஒலி எச்டிஎம்ஐ கம்பி வழியே புரொஜெக்டருக்குப் போயிருக்கும். பணிப்பட்டையின் ஒலிக் குறியில் வெளியீட்டை மாற்றுங்கள்.

கல்வியாண்டு முடிவில் ஒவ்வொரு படிவத்தையும் நகலெடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கு நகலையே பயன்படுத்துங்கள். பழைய படிவத்தில் பதில் ஏற்பதை நிறுத்துங்கள். பெயருக்குப் பதில் மாணவரின் வரிசை எண்ணையே முதலிலிருந்து வாங்கியிருந்தால், அந்த விரிதாளை அடுத்த ஆசிரியரிடம் தயக்கமின்றிக் கொடுக்கலாம். போன ஆண்டு எத்தனை பேர் 2/5 என்றார்கள் என்று பார்த்துவிட்டு அவர் பின்னப் பாடத்தைத் தொடங்குவார்.