டிஸ்கவரி 3 ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர்: புதுப்பிப்பதா, மாற்றுவதா, காயிலுக்குப் போவதா?

2004 முதல் 2009 வரை வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வண்டிகள் பிரிட்டனில் பல கை மாறிவிட்ட வயதை எட்டியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் ஏர் சஸ்பென்ஷனில், வண்டியைத் தாங்குவது காற்று நிரப்பிய ஸ்பிரிங்குகள்; அவற்றுக்கும் சேமிப்புத் தொட்டிக்கும் காற்றை அழுத்தி அனுப்பும் மின்பம்புதான் கம்ப்ரசர். இந்த வயதில், கருவிப்பலகையில் சஸ்பென்ஷன் பழுது, இயல்பான உயரம் மட்டுமே கிடைக்கும் என்ற எச்சரிக்கை தோன்றுவதும், சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தால் சி1ஏ20 என்ற குறியீடு வருவதும் வழக்கம். காற்றுத் தொட்டியில் அழுத்தம் ஏற வேண்டிய வேகத்தில் ஏறவில்லை என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். அதற்குப் பெரும்பாலும் கம்ப்ரசரின் தேய்மானமே காரணம். அப்போது உரிமையாளர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய ஹிட்டாச்சி கம்ப்ரசரைத் திறந்து புதுப்பிப்பது, டிஸ்கவரி 4 காலத்தில் வந்த ஏஎம்கே கம்ப்ரசரை வாங்கி மாட்டுவது, காற்று அமைப்பையே எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங்குக்கு, அதாவது சாதாரண எஃகுச் சுருள் ஸ்பிரிங்குக்கு, மாறுவது. என் வண்டிக்கு முதல் வழியையே தேர்ந்தேன். இதே நிலையில் இருக்கும் நண்பர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

காயில் ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கவரி 3 இன் விலை குறைந்த வகைகள் தொழிற்சாலையிலிருந்தே காயிலோடு வந்தன. அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் 185 மில்லிமீட்டராக இருக்கும் தரை இடைவெளி, ஒரு பொத்தானை அழுத்தினால் 240 மில்லிமீட்டராக உயர்கிறது. கரடுமுரடான பாதையில் இடது, வலது சக்கரங்களின் காற்று ஸ்பிரிங்குகள் வால்வு வழியே ஒன்றோடொன்று இணைந்து, ஒரு சக்கரம் மேலேறும்போது மறு சக்கரத்தைக் கீழே அழுத்துகின்றன. கனமான டிரெய்லரை மாட்டினாலும் பின்பக்கம் தாழ்வதில்லை. காயிலுக்கு மாறினால் இவை மூன்றும் போய்விடும். இந்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். விற்கும்போது, காற்று அமைப்புக்காகவே இந்த வண்டியைத் தேடி வருபவர் விலகிப்போவார். காட்டுப்பாதைக்குப் போகாமல் நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இது பொருந்தலாம்.

ஏஎம்கே கம்ப்ரசர் மதிக்கத்தக்க மாற்றுதான். பழையதைவிடச் சத்தம் குறைவு. ஆனால் டிஸ்கவரி 3 இல் அதை வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதாது. இணைப்புக்குத் தனி ஒயரிங் வேண்டும், சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளையும் புதிய கம்ப்ரசருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நல்ல கம்ப்ரசரையே பழுதானதாக வண்டி கருதக்கூடும். நண்பர்களின் வண்டிகளில் ஏஎம்கே ஓடுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, சொந்த வண்டியில் பல குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. எனவே அதன் ஆயுளைப் பற்றி என் கருத்தை யாரும் இறுதியானதாகக் கொள்ள வேண்டாம்.

இருந்தும் நான் புதுப்பிக்கும் பக்கம் சாய்வதற்குச் செலவு முதன்மைக் காரணம் அல்ல. கம்ப்ரசரோடு சேர்ந்தே இருக்கும் காற்று உலர்த்திதான் காரணம். பிஸ்டன் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும்போது அந்தக் காற்றில் உள்ள ஈரமும் கூடவே வருகிறது. உலர்த்திக்குள் நிரப்பியிருக்கும் சிறு மணிகள் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உலர்ந்த காற்றை மட்டும் வால்வுகளுக்கு அனுப்புகின்றன. வண்டி தாழும்போது ஸ்பிரிங்குகளில் இருக்கும் காற்று அதே உலர்த்தி வழியாகத் திரும்பி வெளியேறுகிறது. வெளியேறும்போது மணிகளில் தங்கிய ஈரத்தையும் எடுத்துச் செல்கிறது. உலர்த்தி தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும் இந்தச் சுழற்சி, எங்காவது ஓர் ஏர் ஸ்பிரிங் கசிந்தால் அறுந்துவிடுகிறது. கசிந்த காற்று உலர்த்தி வழியே திரும்புவதில்லை. இழந்ததை ஈடுசெய்யக் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடி, மேலும் ஈரக்காற்றை உள்ளே தள்ளுகிறது. நாளடைவில் மணிகள் நனைந்து, நொறுங்கி, மாவாகின்றன. அந்த மாவு காற்று வெளியேற்றும் வால்வையும், ஸ்பிரிங்குகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்குகளையும் அடைக்கிறது. பிரிட்டனின் குளிரில் குழாய்க்குள் தங்கிய ஈரம் உறையவும் செய்கிறது.

ஆகவே கம்ப்ரசரின் சாவு பெரும்பாலும் கசிவில் தொடங்குகிறது. கசிவைத் தேடாமல், விலை உயர்ந்த புதிய கம்ப்ரசரை மாட்டுபவர், அதன் உலர்த்தியையும் அதே வழியில் அனுப்பிவைக்கிறார். புதுப்பிக்கும் வழியில் போகிறவர் உலர்த்தியைத் திறந்தே ஆக வேண்டும்; திறந்தால் வண்டியின் கதை முழுவதும் தெரிந்துவிடும். மணிகள் முழுதாகவும் வெளிறியும் இருந்தால் தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல் வளையம் மட்டுமே. ஈரமான சாம்பல் நிறக் கூழ் வந்தால், எங்கோ நெடுநாளாகக் கசிந்திருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. டிஸ்கவரி 3 நின்றுகொண்டிருக்கும்போதும் அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலையின் உயரத்துக்கு மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்துகொள்ளும். அதனால் காலையில் வண்டி முழுவதும் சீராகத் தாழ்ந்திருக்கும். எந்த மூலை கசிகிறது என்பது தெரியாது. இரவில் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளையும் அளந்து வைத்து, காலையில் மீண்டும் அளந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். அந்த மூலையின் ஸ்பிரிங்கிலும் குழாய் இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழிகள் மிச்சத்தைச் சொல்லும்.

வேலை கடினமானதன்று, ஆனால் பொறுமை வேண்டும். கம்ப்ரசர் வண்டியின் அடியில், இடப்பக்கச் சட்டத்தை (சேசிஸ்) ஒட்டி, பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதன் போல்ட்டுகளைத் துருப்பிடிக்கச் செய்வதால், முந்தைய நாளே எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும். சட்டத்தை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல், காற்று மட்டுமே தாங்கும் வண்டியின் கீழே யாரும் நுழையக் கூடாது. குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். உள்ளே பிஸ்டனைச் சுற்றி எண்ணெயே இல்லாமல் ஓடும் டெஃப்லான் சீல் வளையம் இருக்கும். தேய்ந்த வளையத்தை விரல் நகத்தால் தொட்டாலே ஓரம் கத்திபோல மெலிந்திருப்பது தெரியும். புதிய வளையம், புதிய மணிகள், இணைப்புகளில் காற்று கசியாமல் தடுக்கும் புதிய ஓ-ரிங்குகள், சுத்தம் செய்த வெளியேற்று வால்வு ஆகியவற்றோடு திரும்ப மாட்டினால் தொட்டி பழைய வேகத்தில் நிரம்பும்.

சிலிண்டர் சுவரில் நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ, மோட்டார் கருகிய வாசனை வந்தாலோ, புதிய வளையத்தில் பணத்தை வீணாக்காமல் ஏஎம்கே பக்கம் போவதே சரி. எந்த வழியில் போனாலும் கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய கம்ப்ரசர் நெடுநேரம் ஓடியதில் ரிலேயின் முனைகளும் சூடேறிக் கெட்டிருக்கும். அவை ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும், ரிலேயின் விலையோ மிகச் சொற்பம்.