வெள்ளி மிக்-21: சின்னதா பெரியதா, பிரஷ்ஷா ஏர்பிரஷ்ஷா?

மாடல் விமானம் ஒட்டத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "1/72 வாங்கலாமா, 1/48 வாங்கலாமா?" என்றுதான். நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கா, 48இல் ஒரு பங்கா என்று அர்த்தம். நான் பதிலுக்குக் கேட்பது, "வீட்டில் தின்னர் வாடை வந்தால் யார் முதலில் சத்தம் போடுவார்கள்?" சிரித்துவிட்டு மறுபடியும் அளவைப் பற்றியே பேச ஆரம்பிப்பார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எந்தப் பெயிண்டை வீட்டில் அடிக்க முடியும் என்று தெரிந்தால்தான் விமானத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யலாம். நிறம் முடிவான பிறகே அளவு. பெட்டிப் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கி, பாதி ஒட்டியதைப் பரணில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

ஒரே விமானத்தை இரண்டு அளவிலும், இரண்டு விதப் பெயிண்டிலும் செய்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். விமானம் மிக்-21, சோவியத் போர் விமானம். 1963இல் நம் விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அந்த வாரம் செய்தியைப் பார்த்துவிட்டு மிக்-21 கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) தேடியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கேள்விகளும் அப்போதுதான் அதிகம் வந்தன.

இரண்டு பெட்டி

சின்னது, ரஷ்யாவின் ஸ்வெஸ்டா தயாரிக்கும் 1/72 மிக்-21பிஸ். பெரியது, செக் நாட்டு எடுவர்டின் 1/48 மிக்-21எம்எஃப். பிஸ், எம்எஃப் என்பதெல்லாம் மிக்-21இன் வெவ்வேறு வகைகள். இந்த இரண்டாவது 2011இல் வந்தது. இன்றுவரை இந்த அளவில் மிக்-21 என்றால் பலரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயையும் சேர்த்தால் நீளம் 15.7 மீட்டர் சொச்சம். 1/72இல் இது 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இறக்கை 10 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். 1/48இல் நீளம் கிட்டத்தட்ட 33 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலைத் தாண்டிவிடும். மிக்-21 ஒல்லியான விமானம் என்பதால் 1/48இலும் அலமாரியில் அடங்குகிறது. தஞ்சாவூரில் நிற்கிற சுகோய்-30ஐ 1/48இல் செய்தால் 45 சென்டிமீட்டரைத் தாண்டும். அதற்கு அலமாரியே மாற்ற வேண்டும். "எனக்கு எப்போதும் 1/48தான்" என்று கொள்கை வைத்துக்கொள்கிறவர்கள் இரட்டை இன்ஜின் விமானத்துக்கு வரும்போது திணறுவது இதனால்தான்.

நீளம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது என்று தோன்றும். பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்போ இரண்டேகால் மடங்கு. பிரஷ்ஷைக் கையில் எடுக்கும்போதுதான் அது உறைக்கும்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது 1971 போரில் பறந்த எஃப்எல் வகை, நம் ஊரில் வகை 77 என்றார்கள். அந்த டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகை மீது ராக்கெட் ஏவிய விமானம் அது. மிக்-21 எல்லாம் மிக்-21தானே என்று எம்எஃப் பெட்டியை வாங்கிவந்தேன். எஃப்எல்லின் முதுகு ஒல்லி, எம்எஃப்பின் முதுகு பருமன். எஃப்எல்லின் இறக்கைக்கடியில் ஆயுதம் தொங்கும் இடம் இரண்டு, எம்எஃப்பில் நான்கு. எம்எஃப்பின் வயிற்றில் பீரங்கி உண்டு, எஃப்எல்லில் கிடையாது. பட்டி வைத்துத் தேய்த்துச் சரிசெய்கிற வித்தியாசம் இல்லை இது. எஃப்எல் வேண்டுமானால் பிஎஃப் என்ற பழைய வகையின் வழிவந்த கிட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும். கடைசியில் என் பெரிய விமானத்துக்கு நம் விமானப்படையின் மூவண்ண வட்டம் இல்லாமல் சோவியத்தின் சிவப்பு நட்சத்திரம்தான் ஒட்டினேன். "ஏன் மாமா நம்ம வட்டம் இல்ல?" என்று அக்கா மகன் கேட்டபோது எம்எஃப், எஃப்எல் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

ஒட்டும் வேலை

இங்கே பெரியதற்கு அனுகூலம் அதிகம். காக்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் விமானங்களின் உட்புறம் ஒரு மாதிரி மயில்நீலப் பச்சை. எடுவர்டின் ப்ரொஃபிபேக் என்ற கூடுதல் பாகங்கள் கொண்ட பெட்டியில் டயல்கள் அச்சான பித்தளைத் தகடே வருகிறது, பெல்ட் கொக்கிகூடத் தெரியும். 1/72இல் அதே இடம் கட்டைவிரல் நகம் அளவு. கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. சின்னதில் காக்பிட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும். பெரியதில் எனக்கு நான்கு நாள் ஆனது. நான்கும் நல்ல நாட்கள்.

சின்ன பாகத்தைச் சாமணத்தில் பிடித்து அது தெறித்து ஓடினால் 1/72காரர் தரையில் கவிழ்ந்து டார்ச் அடிக்க வேண்டும். 1/48இல் துடைப்பத்தால் கூட்டினாலே கிடைத்துவிடும். நாற்பது வயதுக்கு மேல், கண்ணாடி போட்டவர்களுக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே 1/48ஐச் சொல்வேன்.

பசையில் வித்தியாசம் இல்லை. தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய மாடல் சிமென்ட்டை (பிளாஸ்டிக் பசை) இணைப்பில் தொட்டால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிக்கும். மூக்குச் சக்கரம் உள்ள விமானம் ஆதலால் வால் பக்கம் சாயாமல் இருக்க முன்பக்கம் கனம் வேண்டும். இரண்டிலும் மூக்குக் கூம்புக்குள் மீன்பிடி ஈயக்குண்டை வைத்து ஒட்டினேன்.

வெள்ளி கேட்கும் வேலை

மிக்-21 ஒரு குழாய். குழாயின் இடப் பாதி, வலப் பாதி என்று கிட்டில் வரும். ஒட்டினால் முதுகிலும் வயிற்றிலும் நெடுக ஒரு கோடு. நிஜ விமானத்தில் அந்தக் கோடு கிடையாது. அதை மறைப்பதுதான் இந்த விமானத்தின் பாதி வேலை. அதில் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதை அளவு தீர்மானிப்பதில்லை, நிறம்தான் தீர்மானிக்கிறது.

சின்னதைப் பச்சையும் பழுப்புமாக உருமறைப்பில் முடித்தேன். மாடல் பட்டியை இணைப்பில் இழுத்து, காய்ந்தபின் 400, 600 உப்புத்தாளில் தேய்த்தேன். பளபளப்பில்லாத பெயிண்ட் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். மிச்சமிருந்த மயிரிழைப் பள்ளம் யார் கண்ணிலும் படவில்லை.

பெரியதை வெள்ளியில் செய்தேன். வெள்ளி எதையும் மன்னிக்காது. பழைய காரை டிங்கரிங் விட்டவர்களுக்குத் தெரியும், பட்டி பார்த்த இடம் ப்ரைமரில் சமமாகத் தெரியும், மேல் கோட் அடித்து வெயிலில் நிறுத்தினால் வீங்கித் தெரியும். அதே கதைதான். பட்டி காயும்போது சுருங்கும் என்பதால் இந்த முறை சூப்பர் க்ளூவை நிரப்பினேன், அது சுருங்காது. ஆனால் அரைமணி ஒரு மணிக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் தேய்த்தால் க்ளூ பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிட்டிருக்கும். உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தின்னும், க்ளூ மேடாக நிற்கும். 600, 1000, 2000 என்று படிப்படியாக ஏறி, நகத்தை இணைப்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். எங்கே தட்டியதோ அங்கே மறுபடி க்ளூ, மறுபடி தேய்ப்பு. மூன்று முறை. தேய்த்ததில் அழிந்த பேனல் கோடுகளை ஊசி பிடித்துத் திரும்பக் கீறியது தனி வேலை.

மிக்-21 கண்ணாடி மாதிரி மின்னவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'வெற்று உலோகம்' என்று நாம் சொல்லும் சோவியத் விமானங்கள் பலவற்றின் மேல் பாதுகாப்புக்காக லாக்கர் (lacquer) என்ற வார்னிஷ் போன்ற பூச்சு இருந்தது. அலுமினியப் பாத்திரத்தின் மங்கல்தான் சரியான நிறம். பளபளவென்று செய்து போட்டிக்கு வைக்கிற வெள்ளி மிக்குகளைப் பார்த்தால் எனக்கு எவர்சில்வர் கடை ஞாபகம்தான் வருகிறது.

பிரஷ், ஸ்ப்ரே கேன், ஏர்பிரஷ்

பிரஷ்ஷுக்கு நீரில் கரையும் அக்ரிலிக்தான். வயேஹோ மாடல் கலர் போன்றவை பிரஷ்ஷுக்கென்றே செய்தவை. வாடை இல்லை, டம்ளர் தண்ணீரில் கழுவலாம், சாப்பாட்டு மேசையிலேயே வேலை நடக்கும். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் திட்டுத்திட்டாகும். மோர் பதத்துக்கு நீர்க்கவிட்டு மூன்று நான்கு கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின். டாமியா அக்ரிலிக் ஆல்கஹால் கலந்தது, காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அருமையாகப் போகும். பிரஷ்ஷில் இரண்டாம் கோட் முதல் கோட்டைக் கரைத்துக் கிளப்பப் பார்க்கும். இரண்டிலும் 'அக்ரிலிக்' என்றே போட்டிருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள்.

சின்ன உருமறைப்பு விமானத்தைப் பிரஷ்ஷிலேயே முடித்தேன். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் பிரஷ் தடம் தெரியவில்லை. அதே பிரஷ்ஷால் வெள்ளி அடிக்க முடியுமா? முடியாது என்றே சொல்வேன். உலோகப் பெயிண்டில் மிகச் சிறிய தகட்டுத் துகள்கள் மிதக்கின்றன. பிரஷ் போகும் திசையில் அவை வரிசையாகப் படுத்துக்கொள்ளும், ஒவ்வொரு இழுப்பும் ஒரு கோடாகத் தெரியும். காற்றில் தூவினால்தான் அவை சமமாகப் படியும். ஆகவே வெள்ளி என்று முடிவுசெய்தவுடனே ஸ்ப்ரேயையும் முடிவுசெய்துவிட்டீர்கள்.

ஏர்பிரஷ்ஷைப் பற்றி ஆளாளுக்குப் பெருமை பேசுவார்கள். 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பால் பதத்தில் பெயிண்ட். கேட்க எளிது. கம்ப்ரசர் விலை கிட் விலையைப் பல மடங்கு தாண்டும். டேங்க் இல்லாத கம்ப்ரசர் என்றால் காற்று விட்டுவிட்டு வரும். காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஈரப் பொறி இல்லாவிட்டால் சென்னைக் காற்றின் தண்ணீர் துளியாக விமானத்தின் மேல் விழும். ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் கழுவ வேண்டும். பத்து நிமிஷம் அடித்தால் பதினைந்து நிமிஷம் கழுவல். இவ்வளவுக்குப் பிறகும் உருமறைப்பின் இரு நிறம் சேரும் இடத்தில் மெல்லிய பனிபோல் ஓரம் விழவைக்க அதைவிட்டால் வேறு வழியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நமது தட்பவெப்பத்தில் இரண்டு தொல்லை. மே மாதத்தில் அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷின் ஊசி நுனியிலேயே காய்ந்து துப்பும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் இரண்டு சொட்டு சேர்க்க வேண்டும். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, பளபளப்புக் கோட் விபூதி பூசியதுபோல் வெளுக்கிறது. என் பெரிய விமானத்தின் இடது இறக்கை அப்படித்தான் வெளுத்தது. மழை விட்ட நாளில் மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் பனிபோல் தூவியதில் தெளிந்தது. அந்தச் சாயங்காலம் பால்கனிக் கதவைச் சாத்த மறந்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கணக்கில் சேராது.

இரண்டுக்கும் நடுவில் யாரும் மதிக்காத ஒன்று இருக்கிறது: ஸ்ப்ரே கேன். டாமியாவின் ஏஎஸ்-12 மங்கலான வெள்ளி. மிக்-21க்கென்றே செய்ததுபோல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கேனைச் சிறிது நேரம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி, மொட்டைமாடியில் பனி ஈரம் போன பிறகு, காலை 10 மணி வாக்கில், ஒரு ஜாண் தூரத்தில் இருந்து குறுக்காக இழுத்து அடியுங்கள். மாஸ்க் கட்டாயம். இணைப்பைச் சரியாகத் தேய்த்திருந்தால், கம்ப்ரசரில் அடித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல ஆள் தேட வேண்டும். இன்னொரு வெள்ளி விமானம் செய்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) விஷயத்தில் உருமறைப்புக்குத்தான் ஒரு படி கூடுதல். மங்கல் பெயிண்டின் சொரசொரப்பில் டெக்காலை நேரடியாக வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கால், பிறகு மங்கல் வார்னிஷ். வழவழவென்ற வெள்ளியில் நேரே ஒட்டலாம்.

ஆகவே வாடை ஆகாத வீடு, முதல் கிட் என்றால் 1/72, உருமறைப்பு, பிரஷ். மொட்டைமாடி இருந்து, தேய்க்கப் பொறுமையும் இருந்தால் 1/48, வெள்ளி, ஸ்ப்ரே கேன். 1/72இல் வெள்ளி வேண்டாம். தேய்ப்பு அத்தனையும் இருக்கும், கண்டு ரசிக்கப் பரப்பு இருக்காது. 1/48ஐப் பிரஷ்ஷில் அடிப்பது பாவமில்லை, ஆனால் அந்த இரண்டேகால் மடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் ஐந்தாவது கிட்டுக்கு.

எந்த அளவு வாங்கினாலும் அந்தப் பிட்டாட் குழாய் ஒடியும். மூக்குக்கு முன்னால் ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் குச்சி எத்தனை நாள் தாங்கும்? என்னுடையது கொலுவுக்கு ஒடிந்தது. பார்க் பொம்மைகளுக்கு நடுவே வைக்கலாம் என்று அக்கா மகன் பெரியதைத் தூக்கிக்கொண்டு போனான். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் இறங்கும்போது மூக்கு படியில் இடித்தது. மருந்துக்கடையில் இன்ஜெக்ஷன் ஊசி வாங்கி, கூர்முனையை அரத்தில் மழுக்கி, குழாயின் நுனிக்குக் குண்டூசித் துண்டைச் செருகி ஒட்டினேன். இப்போது ஒடியாது. வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம்.