வடக்கே கல், தெற்கே தேக்கு: ரங்கூனிலிருந்து அரண்மனை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கடையைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் நிம்மதியாக வெளியூர் போக முடிவது திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின்போதுதான். அது ஏப்ரல் நடுவில் வருகிறது. அந்த நாட்களில் ராஜஸ்தான் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கோட்டைச் சுவர் தோசைக்கல்லாகக் காயும். சொகுசு ரயில்களும் ஏப்ரலோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டு செப்டம்பர், அக்டோபரில்தான் மறுபடி கிளம்பும். ஆகவே ராஜஸ்தான் என்று முடிவு செய்தால் டிசம்பர், ஜனவரியில் கடையை யார் பொறுப்பிலாவது விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். தெற்கென்றால் தடிஞ்சுத் விளக்குத் திருவிழா விடுமுறை ஒத்துவரும். அந்தப் பௌர்ணமிக்குச் சில நாள் முன்னால்தான் பெரும்பாலும் விஜயதசமி, மைசூரில் தசரா ஊர்வலம். ஆனால் அப்போது மைசூரில் அறை வாடகை எகிறிவிடும், தமிழ்நாட்டில் ஐப்பசி மழையும் தலைகாட்டும். நாங்கள் தை பிறந்த பிறகு போனோம்.

வடக்கே போனது நானும் மனைவியும் மட்டும். அடுத்த ஆண்டு தெற்கே போனபோது மாமனாரும் உடன் வந்தார். மர அறுப்பு மில்லில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் வந்ததால் நான் அரண்மனை பார்க்கும் விதமே மாறிப்போனது. அதனால் என் தீர்ப்பு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சொகுசு ரயிலில் நான் ஏறியதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ ரயிலில் போய்வந்தார். 1982இல் ஓடத் தொடங்கிய ரயில். ஏழு இரவு, எட்டு நாள். டில்லியில் ஏற்றி ஜெய்ப்பூர், சவாய் மாதோபூர், சித்தூர்கர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பரத்பூர், ஆக்ரா என்று ஒரு வளையம் சுற்றித் திரும்ப டில்லியில் இறக்கிவிடும். பெட்டி தூக்க வேண்டாம், அறை மாற வேண்டாம். மைத்துனருக்கு மூட்டு வலி; அவருக்கு அது வரப்பிரசாதம். எனக்கோ ஒரு நெருடல். அரண்மனை வாழ்க்கையைப் பார்க்கப் புறப்பட்டு, ஏழு இரவும் ரயில் பெட்டியில் தூங்குவானேன்? உதய்ப்பூர் ஏரிக்கு நடுவே 1740களில் எழும்பிய ஜக் நிவாஸ் மாளிகையில் விளக்கேற்றும் நேரத்தில் கரையில் உட்கார்ந்திருக்க முடியாதென்றால், அந்த ஊருக்குப் போனதில் பாதி வீண். 2010இல் வந்த ‘மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ்’ இன்னும் ஆடம்பரமானது, ஆனால் கதை இதேதான். கர்நாடகத்தின் ‘கோல்டன் சேரியட்’ தெற்கே ஓடுகிறது. அதன் ஒரு பாதையில் தஞ்சாவூரும் செட்டிநாடும் உண்டு. இத்தகைய ரயிலில் இருவர் ஓர் இரவு தூங்குகிற பணத்தில் கானாடுகாத்தானில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கலாம். அதைக் கியாட்டில் பெருக்கிப் பார்க்கப் போய்ப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆகவே வடக்கைக் காரில் பார்ப்பது, தெற்கைக் காரில் பார்ப்பது, இந்த இரண்டையும்தான் எடை போட வேண்டும்.

பிரமிப்பு என்று வந்தால் வடக்குக்கு ஈடில்லை. ஜெய்ப்பூர் நகர அரண்மனையில் இரண்டு வெள்ளிக் கொப்பரைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கப்பலேறிய இரண்டாம் மாதோ சிங், லண்டன் தண்ணீரைத் தொடக்கூடாதென்று கங்கை நீரை இவற்றில் நிரப்பிக்கொண்டு போனார். காசிச் சொம்பு ஒன்றை மூடி பிரிக்காமல் பூஜை அலமாரியில் வைத்திருக்கும் என் மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். 953 சாளரங்கள் கொண்ட ஹவா மஹால் முகப்புதான் அழகு, பின்பக்கம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஜோத்பூரின் உமைத் பவன் வேறு ரகம். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கவென்று மகாராஜா உமைத் சிங் 1929இல் தொடங்கினார். முடிய 1943 ஆகிவிட்டது. 347 அறைகள். லண்டனில் செய்த அறைகலன்கள் போரில் கப்பலோடு மூழ்கிவிட்டன என்றும், போரால் நாடிழந்து வந்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நோர்ப்ளின்தான் உள் அலங்காரத்தைச் செய்து கொடுத்தார் என்றும் வழிகாட்டி சொன்னார். அதே போரில் இங்கிருந்து அரக்கான் மலை வழியாக நடந்து போனவர்கள் என் தாத்தா வீட்டார். அதனால் அந்த ஓவியங்களை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பகுதி ஓட்டல், ஒரு பகுதி அருங்காட்சியகம், மீதியில் மன்னர் குடும்பம் குடியிருக்கிறது.

இனி ஒரு மனத்தாங்கல். எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த நிறுவனம் ‘அரண்மனையில் இரண்டு இரவு’ என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் அரண்மனை வளாகத்துக்குள் அண்மையில் கட்டிய ஒரு கட்டடம். குளியலறை பளபளவென்று இருந்தது, சுவரில் மகாராஜா படமும் இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். பணம் கட்டும் முன், அறை பழைய அரண்மனையிலா புதிய பகுதியிலா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு எந்தப் பயண ஏட்டிலும் பதில் அச்சிட்டிருக்காது.

வடக்கில் வழிகாட்டிகள் இந்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் பேசுகிறார்கள். எங்களுக்குத் தமிழ் பேசுகிறவர் கிடைக்கவில்லை. நான் பாதி புரிந்துகொண்டு, அதில் பாதியை மனைவிக்குச் சொன்னேன். எங்கள் அவையில் மகாராஜாக்கள் கால் பங்காகிவிட்டார்கள். சாப்பாடு நெய்யும் பருப்புமாக நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் ரசம் கேட்டாள், ஆறாம் நாள் நம் ஊர் மீன்சாற்று நூடுல்ஸான மொஹிங்கா கேட்டாள்.

நுழைவுச் சீட்டில் நமக்கு ஒரு சலுகை உண்டு. இங்கே பலருக்கு அது தெரியவில்லை. வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் கூட்டமைப்பில் மியான்மர் இருப்பதால், இந்தியத் தொல்லியல் துறையின் நினைவிடங்களில் பர்மா பாஸ்போர்ட்டுக்கு இந்தியர் கட்டணம்தான். தாஜ்மஹாலில் மட்டும் இந்தியர் கட்டணத்தைவிடக் கூடுதல்: மற்ற வெளிநாட்டவருக்கு 1100 ரூபாய் என்று போட்டிருந்த பலகையில் நமக்கு 540. உள்ளே சமாதி மண்டபத்துக்கு எல்லோருக்கும் தனியாக 200. வெள்ளிக்கிழமை தாஜுக்கு விடுமுறை. மன்னர் குடும்ப அறக்கட்டளைகள் நடத்தும் அரண்மனைகளில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். டில்லியில் ஹுமாயூன் சமாதிக் கவுன்ட்டரில் இருந்த இளைஞர் எங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினேன். அண்ணாந்து படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்தார்.

ஹுமாயூன் சமாதிக்குப் போனதே ஒரு காரணத்தோடுதான். கடைசி முகலாயர் பகதூர் ஷா 1857 செப்டம்பரில் பிடிபட்ட இடம் அது. ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862இல் இங்கேயே இறந்த அவருடைய தர்காவை நமக்கெல்லாம் தெரியும். 1991இல் மண்ணைத் தோண்டியபோது உண்மையான கல்லறை தட்டுப்பட்டதும் தெரியும். டில்லிக்குத் தெற்கே மெஹ்ரௌலியில், குத்புத்தீன் பக்தியார் காகி தர்காவை ஒட்டி, முன்னோர் கல்லறைகளுக்கு நடுவே அவர் தனக்கென்று ஒதுக்கி வைத்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. ஒரு ஆள் படுக்கும் அளவு நிலம், அவ்வளவுதான். சொகுசுப் பயணத் திட்டம் எதிலும் நான் அதைக் கண்டதில்லை. ஓட்டுநருக்கே வழி விசாரிக்க வேண்டியிருந்தது. வடக்கே போய் வந்த பன்னிரண்டு நாளில் என்னைவிட்டுப் போகாத இடம் அது ஒன்றுதான்.

தெற்கே மைசூரில் தொடங்கினோம். பழைய மர அரண்மனை 1897இல் இளவரசியின் கல்யாணச் சமயத்தில் தீப்பிடித்து எரிந்துபோக, ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்தபடி 1912இல் எழுந்தது இன்றைய அரண்மனை. கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்தவை. ஞாயிறு மாலை ஏறக்குறைய 97,000 பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் முழுவதும் ‘ஆ’ என்கிறது. மாமா மட்டும், “எரிந்த பிறகு இரும்பில் கட்டினார்கள், புத்திசாலிகள்” என்றார். நம் மண்டலே அரண்மனை 1945இல் குண்டுவீச்சில் எரிந்து, அதன் பெரிய மரக் கட்டடங்களில் தப்பியது முன்னமே வெளியே பெயர்த்துக் கட்டிய ஷ்வேநந்தா மடம் ஒன்றுதான் என்பதை நினைத்துச் சொன்னார். மண்டலேயில் இப்போது நிற்பது 1990களின் மறுகட்டுமானம்.

மரம் எரியாமல் நிலைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? பத்மநாபபுரம் போங்கள். இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அது நல்லதாகப் போயிற்று. கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த கறுப்புத் தரை கண்ணாடிபோல மின்னுகிறது, உள்ளங்காலில் குளிர்கிறது. தங்கமில்லை, வெள்ளியில்லை. மேலே நிமிர்ந்தால் ஒவ்வொரு உத்தரமும் பூவேலை. மைசூரைவிட எனக்கு இது பத்து மடங்கு பிடித்தது. திங்கட்கிழமை விடுமுறை.

மதுரை திருமலை நாயக்கர் மஹாலில் அந்தப் பெருந்தூண்களுக்காக ஒரு மணி நேரம் போதும். 1636இல் கட்டியதில் மிஞ்சியது ஒரு பகுதிதான். தஞ்சாவூரில் அரண்மனையைவிட சரசுவதி மஹால் நூலகத்துக்கே நேரம் ஒதுக்குங்கள்.

செட்டிநாட்டில் ராஜாக்கள் இல்லை, பர்மாவில் வட்டிக்கு விட்ட செட்டியார்களின் வீடுகள்தான்; ஆனால் நம்மவர்களுக்கு உண்மையான அரண்மனை ஊர் அதுதான். நாங்கள் கானாடுகாத்தானில் இரண்டு இரவு தங்கினோம்; அங்கும் கடியாபட்டியிலும் சில பழைய வீடுகள் ஓட்டல்களாகியிருக்கின்றன. இங்கே ‘பழைய பகுதியா’ என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிறது வீடு. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் நிறம் ஊற்றிச் செய்வதைப் பட்டறையிலேயே பார்த்தோம். முகப்புத் தூண் ஒவ்வொன்றும் ஒரே மரம். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தூணை விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டினார். நகத்தால் கீறி முகர்ந்தார்.

“பெகு யோமா மரம், மாப்பிள்ளை. இந்தச் சுற்றளவு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். இதை யானை இழுத்து வந்திருக்கும்.”

வீட்டைக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர், “ஐயா ரங்கூனா?” என்று கேட்டு, அதுவரை பூட்டியிருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டார். உள்ளே மங்குச் சாமான்களுக்கு நடுவே சிவப்பு அரக்குப் பெட்டிகள், நம் ஊர் வேலைப்பாடு. அடுத்த ஒரு மணி நேரமும் தமிழிலேயே பேச்சு ஓடியது. மனைவி என்னிடம் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பெருமையோடு ஒரு சங்கடமும் இருந்தது. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்களின் கைக்கு வந்தது. அந்த வட்டிப் பணமும் இந்தத் தூண்களில் இருக்கிறது. மாமாவின் அப்பா அவர்களிடம் கடன் வாங்கியவர். அதை அந்தப் பெரியவரிடம் மாமா சொல்லவில்லை.

ஒரே முறைதான் போக முடியும் என்கிறவர்களுக்கு என் பதில் தெற்கு: மைசூர் இரண்டு இரவு, பத்மநாபபுரத்துக்காக நாகர்கோவிலில் ஓர் இரவு, கானாடுகாத்தானில் மூன்று. புதுமணத் தம்பதியென்றால் உதய்ப்பூருக்குப் போகட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். வடக்கே போகிறவர்கள் ஊர்களை மூன்றாகக் குறைத்து, டில்லியில் மெஹ்ரௌலிக்கு ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஓர் அரண்மனை பாக்கி இருக்கிறது. 1885இல் மண்டலேயிலிருந்து இறக்கி, சில மாதம் சென்னையில் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பப்பட்ட பர்மாவின் கடைசி மன்னர் திபோவுக்குக் கடலைப் பார்த்த குன்றின் மேல் பிரிட்டிஷார் 1910இல் ஒரு செந்நிற மாளிகை கட்டிக் கொடுத்தார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். சமாதியும் அந்த ஊரில்தான். பம்பாயிலிருந்து கொங்கண் ரயிலில் போகலாம். சொகுசு எதுவும் கிடையாது. மாமா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். “ராஜாவின் சமாதியைக் கும்பிட்டுவிட்டு வரலாம், மாப்பிள்ளை. அந்த வீட்டுக்கு என்ன மரம் போட்டார்கள் என்றும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும்” என்கிறார்.