வெக்கை படித்துவிட்டு அசுரன் பார்த்தவள் எழுதுவது

கோவில்பட்டிப் பக்கம் வெயில் வேறு, வெக்கை வேறு. வெயில் மேலிருந்து அடிப்பது. பொழுது அடைந்த பிறகும் கரிசல் தரை விடாமல் கக்கும் சூடுதான் வெக்கை. சின்ன வயதில் முற்றத்தில் பாய் விரிக்கும் முன் அம்மா இரண்டு குடம் தண்ணீர் தெளிப்பாள். தெளித்ததும் தரையிலிருந்து குப்பென்று ஒரு மூச்சு கிளம்பும். அது அடங்கின பிறகுதான் படுக்க முடியும்.

பூமணி 1982-இல் வந்த தன் நாவலுக்கு அந்தப் பெயரை வைத்தார். கதையின் பெரிய காரியம் முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் துண்டிக்கத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். மீதி நாவல் முழுக்க, வெட்டிய பிறகு உடம்பிலும் வீட்டிலும் தங்கிவிட்ட சூடுதான். மகனைக் கூட்டிக்கொண்டு தகப்பன் ஓடையிலும் மலையிலும் ஒளிகிறான். சோறு பொங்குகிறார்கள், தண்ணீர் தேடுகிறார்கள், படுக்க இடம் பார்க்கிறார்கள், பழையதைப் பேசுகிறார்கள். கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையக் கிளம்புகிறார்கள்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் நூலகத்தில் எடுத்து, இரண்டே இரவில் இதைப் படித்தேன். எனக்கு அப்போது சிதம்பரத்தைவிட மூன்று வயதுதான் கூடுதல். எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே ஒரு புத்தகத்துக்குள் ஆட்கள் பேசிக்கொள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் 2019 அக்டோபரில் இந்த நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய அசுரன் வெளிவந்தபோது பயத்தோடு போனேன். அப்பாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு மாலைக் காட்சிக்குப் போனோம். அதற்குப் பிறகு அமேசான் பிரைமில் மூன்று முறை பார்த்துவிட்டேன். போன மாதம் நாவலையும் மறுபடி வாங்கிப் படித்தேன்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தொடக்கம். தண்ணீரில் கிடக்கும் நிலவைக் கலைத்துக்கொண்டு கால்கள் நடக்கின்றன. வசனம் இல்லாமலே ஓடுகிறவர்களின் பயம் நமக்கு வந்துவிடுகிறது. வேல்ராஜின் கேமரா இருட்டைப் பார்க்கும் விதம் அருமை. தனுஷ் முதுகைக் கொஞ்சம் வளைத்து, தோளைத் தொங்கவிட்டு நடக்கிறார். வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற, காட்டு வேலை செய்து தேய்ந்த மனிதனின் நடை அது. அவருக்குக் கிடைத்த தேசிய விருதை அந்த நடைக்காகவே கொடுத்திருக்கலாம். தாய் பச்சையம்மாளாக வரும் மஞ்சு வாரியருக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம். மூத்த மகனின் தலையில்லாத உடலின் முன்னால் அவர் நிற்கும் இடத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. இன்றுவரை அந்த இடம் வந்தால் ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.

மூத்த மகனை மீட்பதற்காகத் தகப்பன் சிவசாமியாக வரும் தனுஷ் ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழும் காட்சி நாவலின் எந்தப் பக்கத்துக்கும் குறைந்ததில்லை. ஒரு தடவை விழுவதைக் காட்டிவிட்டுக் கடந்திருக்கலாம். வெற்றிமாறன் அப்படிச் செய்யவில்லை. திரும்பத் திரும்ப விழ வைக்கிறார். அவமானத்தைச் சலிக்கும்வரை காட்டினால்தான் அது எத்தனை நீளமானது என்று புரியும். அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை.

எனக்கு மனத்தாங்கல் இருப்பது தகப்பனைப் பற்றித்தான். நாவலில் அவர் சிதம்பரத்துக்கு அய்யா, அவ்வளவுதான். மகன் ஒரு ஆளை வெட்டிவிட்டு வந்து நிற்கும்போது அவர் அடிப்பதில்லை, புலம்புவதில்லை. இனி என்ன செய்வது என்று பார்க்கிறார். அவருடைய தைரியம் முழுக்க அந்த நிதானத்தில் இருக்கிறது. படத்தில் அவர் சிவசாமி ஆகிறார். முதலில் குடிகாரர், பயந்தவர், பெற்ற பிள்ளையே மதிக்காதவர். பிறகு ஒரு கட்டத்தில் ஆயுதத்தை எடுத்து எல்லாரையும் வெட்டிச் சாய்க்கிறார். அரங்கம் எழுந்து நின்று விசில் அடித்தது, தம்பியும் அடித்தான். நான் உட்கார்ந்திருந்தேன். தன் தகப்பன் வீரன் என்று சிதம்பரம் தெரிந்துகொள்வதற்கு இத்தனை பேர் விழ வேண்டியிருக்கிறது. நாவலின் சிதம்பரத்துக்கு, ராத்திரியில் அய்யா பக்கத்தில் படுத்திருப்பதே போதுமாக இருந்தது.

இரண்டாம் பாதியின் பழைய கதை படத்துக்காக உருவானது. அதில் செருப்பும் பஞ்சமி நிலமும் வருகின்றன. பஞ்சமி நிலத்தைப் பெரிய நட்சத்திரம் நடித்த ஒரு படம் பேசியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்களுக்கு அதை விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. ஆனாலும் அந்த நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். செருப்புப் போட்டதற்காக, சிவசாமி கட்டிக்கொள்ள இருந்த மாரியம்மாள் படும் பாட்டை அம்மு அபிராமியின் முகம் அப்படியே தாங்கி நிற்கிறது. நாவல் சாதியின் பெயரைச் சொல்லாமலே நடத்திச் செல்லும் விஷயத்தைப் படம் எதிரில் நிறுத்திவிடுகிறது. 2019-இல் அது தேவையாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

குடிசைகள் எரியும் இடத்தில்தான் நான் படத்தை விட்டு விலகிவிடுகிறேன். அதைப் பார்க்கும் யாருக்கும் கீழ்வெண்மணி நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூடுதல் நெல் கூலி கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற குடும்பங்கள். பின்னர் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அந்தத் துயரம் ஒரு சங்கத்துக்கும் ஒரு ஊருக்கும் உரியது. படத்தில் அது ஒரு தனி ஆளின் பழிவாங்கலுக்குக் காரணமாகச் சுருங்கிவிடுகிறது. தீ அடங்குவதற்குள் அரிவாள் வந்துவிடுகிறது. செத்தவர்களோடு இருக்க நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. நாவலில் ஆத்தா, மாமா, அத்தை என்று ஒரு குடும்பமே சேர்ந்து அந்தப் பையனைக் காப்பாற்றுகிறது. படத்தில் மாமாவாகப் பசுபதி வருகிறார், நன்றாகவே செய்கிறார், ஆனாலும் கண் தனுஷை விட்டு நகர்வதில்லை. நட்சத்திரப் படத்தில் அது இயல்புதான். ஜி.வி.பிரகாஷின் பின்னணி இசையும் சில இடங்களில் நமக்கு முன்னாலேயே கோபப்பட்டுவிடுகிறது. கென் கருணாஸ் சிதம்பரமாகக் கச்சிதம். மீசை அரும்பாத முகத்தில் அத்தனை வீம்பு.

படம் பார்த்தே தீர வேண்டியது. ஆனால் முடியுமானால் நாவலை முதலில் படியுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அய்யாவின் இடத்தில் தனுஷ் வந்து உட்கார்ந்துகொள்வார், எழுப்புவது சிரமம். காலச்சுவடு பதிப்பு எளிதாகக் கிடைக்கிறது. பெரிய புத்தகமும் இல்லை. வட்டார வழக்கு முதல் பத்துப் பக்கங்களுக்குப் பழகாததுபோல் இருக்கலாம். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

அன்று படம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அப்பா ஒன்றுதான் கேட்டார்: சிவசாமி குடும்பத்தின் அந்த மூன்று ஏக்கரில் அந்த வருடம் யார் விதைத்திருப்பார்கள்? தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இரண்டு ஏக்கரில் உளுந்தும் பருத்தியும் போட்டு எங்களைப் படிக்க வைத்தவர்.

இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. சாயங்காலம் நான் நாவலை வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். தகப்பனும் மகனும் மலையில் ஒளியும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அது குருமலையாகத்தான் இருக்கும் என்றார். ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், அங்கே அடுப்பு மூட்டினால் புகை எந்த ஊருக்குத் தெரியும் என்று அரை மணி நேரம் சொன்னார். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை. இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது.