35 மணித்தியாலம் காலில் காற்றுப்பட்டி: நெஞ்சு நோவுக்கு நான் எடுத்த இ.இ.சி.பி. சிகிச்சை

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கட வீட்டுப் படலையில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு சைக்கிளில் பத்து நிமிசம். போன வருசம் ஆனி மாதம், சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கிற நேரம், டிப்போவைத் தாண்ட முதலே இறங்கி நிற்க வேண்டி வந்தது. அதை நோ என்று சொல்ல ஏலாது. நனைந்த சாக்கை மடித்து நெஞ்சுக்கு நடுவில் வைத்த மாதிரி ஒரு பாரம், இடப்பக்கத் தாடை வரைக்கும் ஒரு விறைப்பு. நிழலில் நின்றால் நாலைந்து நிமிசத்தில் விட்டுவிடும். திரும்ப ஏறி உழக்கினால் திரும்பவும் வரும்.

எனக்கு 67 வயது. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சலரோகம், அதாவது நீரிழிவு, 22 வருசமாக இருக்குது. 2010இல் கொழும்பில் பைபாஸ் செய்து மூன்று குழாய் ஒட்டினார்கள். போன வருசம் திரும்ப அஞ்சியோகிராம் செய்து பார்த்தபோது மூன்றில் இரண்டு அடைபட்டுப் போயிருந்தது. என்னுடைய சொந்தக் குழாய்களோ மெலிந்து, ஒரு இடத்தில் என்றில்லாமல் நீளத்துக்கும் படிவு. ஸ்டென்ட் வைக்க இடமில்லை, இரண்டாம் முறை பைபாஸ் செய்தாலும் ஒட்டுவதற்கு நல்ல இடமில்லை என்று டொக்டர் படத்தைக் காட்டியே விளங்கப்படுத்தினார். குளிசைகளைக் கூட்டினார். அதற்குப் பிறகும் நோ நிற்கவில்லை. அப்போதுதான் இ.இ.சி.பி. என்ற பேச்சு வந்தது. கத்தி வைக்காமல், வெளியில் இருந்தே காலை அமத்தி இதயத்துக்கு இரத்தம் அனுப்புகிற முறை. சென்னையில் ஒரு நிலையத்தில் ஏழு கிழமை நின்று எடுத்தேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, சிகிச்சையைப் பற்றித்தான் இருக்கிறது.

அங்கே போக முதல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் முதலில் தொலைபேசி எடுத்தது வேறொரு இடத்துக்கு. எடுத்தவர் என்னுடைய அஞ்சியோகிராம் றிப்போட்டைக் கேட்கவில்லை, எக்கோ என்ற இதய ஸ்கான் செய்ததா என்று கேட்கவில்லை. "அடைப்பு முழுக்கக் கரைஞ்சிடும் சார், அப்புறம் மாத்திரையே தேவைப்படாது" என்றார். இயந்திரத்தோடு சேர்த்து, குழாயில் உள்ள கல்சியத்தைக் கழுவுகிற சேலைன் 20 தரம் ஏற்றுவார்களாம், எல்லாம் ஒரே பொதியாம். முற்பணம் அனுப்ப வங்கி விபரமும் வந்துவிட்டது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மாத்திரையே வேண்டாம் என்ற சொல்லுக்கு எவ்வளவு இழுவை இருக்கிறது என்பது, ஒரு நாளைக்கு ஒன்பது குளிசை விழுங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

விடிய எங்கட கிளினிக் டொக்டரிடம் கேட்டேன். அவருடைய பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது கனபேருக்குத் தேவை. இ.இ.சி.பி. அடைப்பைக் கரைக்காது. எந்தக் குளிசைக்கும் பதிலாகாது. நோவைக் குறைக்கும், அதுவும் எல்லாருக்கும் இல்லை. கழுவுகிற சேலைன், அதாவது கீலேசன், வேறு விசயம். 2013இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதில் சிறிய பலன் இருக்கலாம் என்றது. சலரோகமும் முன்பு மாரடைப்பும் உள்ளவர்களில் அதையே திரும்பச் சோதித்தபோது, 2024இல் வந்த முடிவு பலன் இல்லை என்றது. சலரோகக்காரனான எனக்கு அந்த இரண்டாவது முடிவே போதும். அந்த இடத்துக்கு நான் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை.

மாசி மாதம் பலாலியில் பிளேன் ஏறி சென்னையில் இறங்கினேன். மனிசியின் தமையன் குடும்பம் வளசரவாக்கத்தில் இருப்பதால் தங்குகிற செலவு இல்லை. அது இல்லாவிட்டால் ஏழு கிழமை என்பது லேசான காரியமில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 35. சிகிச்சைக்கு மட்டும் இந்திய ரூபாயில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனது.

முதல் நாள் படுக்கையில் ஏற்றவில்லை. எக்கோ பார்த்தார்கள், பிறசர் பார்த்தார்கள், கால் இரத்தக் குழாய்களை ஸ்கான் செய்தார்கள், வயிற்றுக்குள் போகிற பெருநாடியில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த ஒரு நாளுக்காகவே அந்த நிலையத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. பெருநாடி வால்வு மோசமாகக் கசிகிறவர்கள், பெருநாடியில் வீக்கம் உள்ளவர்கள், கால் நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள், கால் நாடிகளில் கடும் அடைப்புள்ளவர்கள், இதயத் துடிப்பு தாளமில்லாமல் ஓடுகிறவர்கள், பிறசர் கட்டுப்படாதவர்கள், இரத்தம் மெலிய வைக்கும் வார்பரின் கூடுதலாக வேலை செய்கிறவர்கள் இதில் படுக்கக் கூடாது. இவை ஒன்றும் பாராமல் நேரே கட்டிலில் ஏற்றுகிற இடமென்றால் எழும்பி வந்துவிடுங்கோ.

இரண்டாம் நாள் தொடங்கியது. இறுக்கமான நீளக் காற்சட்டை ஒன்று தருவார்கள். சலம் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். முதல் தரம் அதன் அருமை தெரியாமல் அரை மணித்தியாலத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. நெஞ்சில் ஈசிஜி வயர் மூன்று, விரலில் ஒரு கிளிப். பிறகு பிறசர் பார்க்கிற பட்டி மாதிரியே, ஆனால் அகலமான பட்டிகள். கெண்டைக் காலில் ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று, மேல்தொடையையும் பிட்டத்தையும் சேர்த்து ஒன்று. பூட்டுகிற பிள்ளைக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு பட்டியையும் இழுத்துச் சுற்றி, விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்து, காற்சட்டையில் ஒரு மடிப்பு இருந்தாலும் கழற்றித் திரும்பப் பூட்டும். நான் காலையில் குளிசை போட்டிட்டன் என்றபோது முழித்தது. "ஓ, மாத்திரையா அங்கிள்?" என்று பிறகு சிரித்தது. மூன்றாம் கிழமைக்குள் அதுவும் குளிசை என்றே சொல்லத் தொடங்கிவிட்டது.

இயந்திரம் தொடங்கியதும் கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று கீழிருந்து மேலாக டப் டப் டப் என்று அடுத்தடுத்து அமத்தும். பிறகு மூன்றும் ஒரே நேரத்தில் விட்டுவிடும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு தரம். நிமிசத்துக்கு 64 தரம் என்னுடைய துடிப்புக்கு. உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போடும். முதல் இரண்டு நாளும் குண்டும் குழியுமான றோட்டில் பஸ்ஸின் கடைசி சீற்றில் இருந்த மாதிரி. காதுக்குள் காற்றுப் பம்பியின் இரைச்சல். நாலாம் நாள் நான் அதில் நித்திரையாகிப் போனேன் என்றால் நம்புங்கோ.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்டது துலாவை நினைத்து. சின்ன வயதில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க அப்பு துலா மிதிப்பார், ஐயா கீழே நின்று வாளி பிடிப்பார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நின்றால்தான் தண்ணி மேலே வரும். தாளம் தப்பினால் வாளி கிணற்றுக் கட்டில் மோதும். இதயம் சுருங்கும்போது உடம்புக்கு இரத்தம் அனுப்புகிறது. தனக்கு வேண்டிய இரத்தத்தை அது பெரும்பாலும் எடுப்பது தளர்ந்து ஓய்கிற நேரத்தில்தான். அந்த ஓய்வு நேரத்தைப் பார்த்துக் கால்களை அமத்தினால் நாடிகளில் உள்ள இரத்தம் பின்னோக்கி வந்து இதயத்தின் குழாய்களுக்குள் அழுத்தமாகப் போகிறது. அடுத்த சுருக்கம் தொடங்கும் கணத்தில் பட்டிகள் விட்டுவிட, கால் நாடிகள் வெறுமையாகி, இதயம் லேசாகத் தள்ளுகிறது. ஈசிஜி வயர் தாளத்தைப் பார்த்துச் சொல்ல, இயந்திரம் மிதிக்கிறது. தாளம் குழம்பின இதயத்துக்கு இது ஏன் கூடாது என்பதும் அதிலேயே விளங்கியது.

எனக்குக் கிடைத்த சங்கடங்கள்: இடது கெண்டைக்காலில் தோல் உரசிப் புண்ணானது. சலரோகக்காரனுக்கு அது சின்ன விசயமில்லை. அந்தப் பிள்ளைதான் கண்டு, இரண்டு நாள் நிறுத்தி, பஞ்சுத்துணி சுற்றிப் பூட்டியது. ஆனால் இப்படி நடக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். தொடையில் கண்டல் இரண்டு. இடுப்பு நோ ஒரு கிழமை. இன்னொரு குறை, முடிவில் தந்த அறிக்கை. ஒரு பக்கத்தில் "நல்ல முன்னேற்றம்" என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். ஆறு நிமிச நடைச் சோதனையை நான் கேட்டபிறகுதான் செய்தார்கள். தொடங்கும்போது 290 மீற்றர், முடிவில் 375. கேட்காமலே செய்திருக்க வேண்டியது அது.

நான் என்னுடைய கணக்கை 80 பக்கக் கொப்பியில் வைத்திருந்தேன். போவதற்கு முந்தின நாலு கிழமையும் சராசரி கிழமைக்கு 11 தரம் நோ. முதல் மூன்று கிழமைச் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இல்லை, காசு வீணோ என்று இருந்தது. 19ஆவது நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கியது. முடித்து வந்த மாதம் கிழமைக்கு 4. இப்போது, ஐந்து மாதம் போய், கிழமைக்கு மூன்று அல்லது நாலு. இல்லாமல் போகவில்லை. நோ வரும்போது நாக்குக்குக் கீழே வைக்கிற ஜி.ரி.என். குளிசை மாதத்துக்கு ஒரு போத்தல் போனது, இப்போது அரைப் போத்தலும் போவதில்லை.

இதற்கு ஆய்வு இருக்கிறதா என்று கேட்கிற ஆக்களுக்கு: 1999இல் அமெரிக்காவில் வந்த மஸ்ட் இ.இ.சி.பி. ஆய்வில் 139 பேர். பாதிப்பேருக்கு முழு அமத்தல், மற்றவர்களுக்குப் பேருக்கு மெல்லிய அமத்தல். முழு அமத்தல் கிடைத்தவர்களுக்கு நோ குறைந்தது, ஓடுபட்டியில் ஈசிஜி மாறத் தொடங்கும் நேரமும் பிந்தியது. ஆனால் எவ்வளவு நேரம் ஓடினார்கள் என்பதில் இரு பகுதிக்கும் திடமான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வு. ஐரோப்பிய இதய வைத்தியச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் மற்ற வழிகள் அடைபட்டவர்களுக்கு இதை யோசிக்கலாம் என்ற அளவில்தான் வைத்திருக்கிறது. ஆயுளைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை.

முதல் வழியாக இதை எடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். குளிசையை ஒழுங்காகப் போடாமல் சென்னைக்கு ரிக்கற் போடுகிற ஆக்களை வளசரவாக்கத்திலேயே கண்டேன். உறுதியான நெஞ்சு நோ, அதாவது உழைப்பில் வந்து ஓய்வில் போகிற நோ உள்ளவர்களில், 2007இல் வந்த கரேஜ் ஆய்வு 2,287 பேரில் பார்த்தது: நல்ல குளிசைச் சிகிச்சையோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கும் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கும் சாவிலோ மாரடைப்பிலோ வித்தியாசம் இல்லை. 2020இல் இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரில் ஏறக்குறைய அதையே சொன்னது. ஸ்டென்ட் நோவைக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. இடது பிரதான குழாயில் அடைப்புள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. திடீரென்று வருகிற மாரடைப்புக்கு அறவே வேறு. அப்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது.

என்னை உண்மையில் தாங்குவது பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காசில்லாமல் தருகிற குளிசைகள்தான்: அஸ்பிரின், அற்றோவாஸ்ரற்றின், பிசோபுறலோல், ஐசோசோர்பைட். ஐசோசோர்பைட்டை காலை எட்டு, பகல் இரண்டு என்றுதான் போட வேண்டும். பன்னிரண்டு மணிக்கொரு தரம் என்று பங்கிட்டுப் போட்டால் உடம்பு பழகிப் போய் மருந்து கேளாது. நான் இரண்டு வருசம் பிழையாகப் போட்டவன், அதனால்தான் எழுதுகிறேன்.

நாக்குக்குக் கீழே வைக்கிறதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்ணிறக் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும். மனிசி ஒருநாள் பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றி வைத்து, மருந்தின் சத்தே போய்விட்டது. திறந்த திகதியை நான் பேனையால் லேபலில் எழுதுவேன், எட்டுக் கிழமையில் எறிந்துவிடுவேன். சேட்டுப் பையில் உடம்புச் சூட்டில் வைக்காமல் சைக்கிள் பையில் துணி சுற்றி வைக்கிறேன், வெயிலில் சைக்கிளை விட்டால் பையைக் கையோடு கொண்டு போகிறேன். இருந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றால் தலை சுற்றி விழுவீர்கள். ஆண்மைக்குறைவுக்கான குளிசை, வயாகரா மாதிரியானது, போட்டவர் இதைத் தொடவே கூடாது. பிறசர் இறங்கி உயிருக்கே ஆபத்து. எனக்கு டொக்டர் சொன்ன கணக்கு: ஒன்று வைத்து ஐந்து நிமிசம், விடாவிட்டால் இன்னொன்று, அதற்கும் ஐந்து நிமிசத்தில் விடாவிட்டால் 1990க்கு அடிக்க வேண்டும். காசில்லாத அம்புலன்ஸ், 2018இல் இருந்து எங்கட பக்கமும் ஓடுது. ஓட்டோ பிடிக்கவோ மகனுக்குக் கனடாவுக்கு எடுக்கவோ அது நேரமில்லை.

யாருக்கு இ.இ.சி.பி. நல்லது என்று கேட்டால்: ஸ்டென்டும் பைபாஸும் இனி ஏலாது என்று இதய வைத்தியரே சொன்ன, குளிசை முழு அளவில் போட்டும் நோ விடாத, ஏழு கிழமை நின்று எடுக்கக் கூடிய ஒருவருக்கு. எனக்கு அது பொருந்தியது, கொடுத்த காசுக்கு மனக்குறை இல்லை. ஒரு வருசத்தில் நோ கூடினால் திரும்ப எடுக்கலாம் என்றார்கள். திரும்ப எடுப்பேனா என்பதைக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

இந்த ஆனியிலும் சோளகம் அடித்தது. டிப்போவைத் தாண்டினேன். சந்தைக்குக் கிட்ட ஒருதரம் இறங்கி, மதில் நிழலில் மூன்று நிமிசம் நின்றேன். பிறகு ஏறிப் போய் முருங்கைக்காயும் ஒரு கிலோ கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன்.