ஆய்வுக் கட்டுரையில் பெயர்: வரிசையா, அகரவரிசையா, பங்குக் குறிப்பா?

மூன்று துறைகள் சேர்ந்து மதுரைக் கண்மாய்களின் தண்ணீரை ஆராய்வது என்று முடிவானதும், முதல் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் முன்பே ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது. கட்டுரை வெளிவரும்போது யார் பெயர், எந்த இடத்தில்? வேதியியலிலிருந்து நான், தாவரவியலிலிருந்து ஒரு மேடம், புள்ளியியலைப் பார்த்துக்கொள்ளக் கணிதத் துறை நண்பர், ஒரு பிஎச்.டி. ஸ்காலர், ஒரு எம்.எஸ்சி. மாணவி என்று ஐந்து பேர். துறைக்குத் துறை பழக்கம் வேறு. செய்த வேலையின் அளவைப் பார்த்துப் பெயர்களை வரிசைப்படுத்துவது ஒன்று, அகரவரிசையில் போடுவது இன்னொன்று, யார் என்ன செய்தார் என்று தனியே எழுதிவிடுவது மூன்றாவது. பேசிப் பார்த்து மூன்றாவதை எடுத்துக்கொண்டோம். என் மனம் முழுக்க அந்தப் பக்கம்தான். அதனால் மற்ற இரண்டையும் சுருக்கமாகவும் அதை விரிவாகவும் எழுதுகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும்: ஆசிரியர் என்று யாரைச் சொல்வது? இதற்குப் பலரும் பின்பற்றுவது, 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களிலிருந்து வளர்ந்த ஐ.சி.எம்.ஜே.இ. குழுவின் வரையறை. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு சேர்ப்பதிலோ அதை அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது பொருளறிந்து திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். நான்காவதாக, பின்னால் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்காவது நிபந்தனை 2013-இல்தான் சேர்ந்தது. நான்கும் பொருந்தினால்தான் ஆசிரியர், இல்லாவிட்டால் நன்றியுரையில் இடம். நிதி வாங்கித் தந்தது மட்டும் போதாது, துறைத் தலைவராக இருப்பது மட்டும் போதவே போதாது. "ஹெச்.ஓ.டி. பேரையும் சேர்த்துருங்க, எதுக்கு வம்பு" என்ற பேச்சைக் கேட்காத ஸ்காலர் நம் பக்கம் குறைவு. அந்தப் பேச்சை நிறுத்த எனக்குத் தெரிந்து இந்த நான்கு வரியை அச்செடுத்துக் கையில் கொடுப்பதை விட நல்ல வழி இல்லை.

வரிசை முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேதியியலிலும் உயிரியலிலும் மருத்துவத்திலும் கையால் வேலை செய்தவர் முதலில், கைடு கடைசியில், உடுக்குறி (*) போட்டவர் கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர். நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார். அரசு விதிகளும் இந்த மொழியில்தான் பேசுகின்றன. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான 2022 விதிமுறைப்படி முதல் மூன்று பெயர்களில் ஒருவராகவோ கரஸ்பாண்டிங் ஆதராகவோ இருந்தால்தான் கட்டுரை கணக்கில் சேர்ந்தது. வெறும் நான்காவது பெயராக வந்தவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் சேரவில்லை.

வரிசையின் சிக்கல் நடுவில் இருக்கிறது. ஐந்து பேரில் மூன்றாவது பெயர் என்ன செய்தது? அலசலையே அவர்தான் செய்தாரா, இல்லை ஒருநாள் கருவியை இரவல் கொடுத்தாரா? வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை. இதோடு கல்லூரி ஆசிரியர்களின் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பார்க்கும் மதிப்பெண் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2010 விதிமுறையில் ஒரு கட்டுரைக்கான மதிப்பில் 60 சதவீதத்தை முதல் ஆசிரியரும் கரஸ்பாண்டிங் ஆசிரியரும் பங்கிட்டுக்கொள்வார்கள், மீதி 40 சதவீதத்தை மற்ற எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். எத்தனை பேர் இருந்தாலும் கூட்டுத்தொகை நூறுதான். 2018 விதிமுறை இதை மாற்றியது. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, கூட்டாசிரியர் ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பாருங்கள். ஐந்து பேர் கட்டுரையில் 70-ஓடு நான்கு முப்பது, ஆக 190. பத்துப் பேர் என்றால் 340. மூன்று பெயரைத் தாண்டிவிட்டால் இன்னொரு பெயரைச் சேர்ப்பதால் ஏற்கெனவே இருப்பவர் எவருக்கும் ஒரு புள்ளிகூடக் குறையாது. இலவசமாகப் பெயர் கொடுக்கும் வழக்கம் ஏன் ஒழியவில்லை என்பதற்கு ஒழுக்கக் குறைவை மட்டும் காரணம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கணக்கே அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.

அகரவரிசையைக் கேட்டது கணித நண்பர். அவர் துறையில் அதுதான் மரபு. சேர்ந்து சிந்தித்த ஒன்றில் இது உன்னுடையது, அது என்னுடையது என்று பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். அமெரிக்கக் கணிதச் சங்கம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் அதுதான். பொருளியலிலும் உயர் ஆற்றல் இயற்பியலிலும் அதே வழக்கம். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள். மொத்தம் 33 பக்கத்தில் ஆய்வு 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அத்தனை பேரை வேறெப்படி அடுக்குவது? நம் வடபழஞ்சியிலும் நியூட்ரினோ ஆய்வுக்கான கருவியின் சிறு வடிவம் ஒன்று இயங்குகிறது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் எப்படி ஒத்துப்போகிறது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பெருங்குழு ஆய்வில் எனக்கு அனுபவம் இல்லை.

ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு அகரவரிசை நியாயமாக நடப்பதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். அப்பா அய்யாவு, மகள் விஜயா என்று வைத்துக்கொள்வோம். இதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது அவர் அப்பா பெயரைக் கொடுத்தால் ஆங்கில அகரவரிசையில் எல்லோருக்கும் முன்னால் நிற்பார். தன் பெயரைக் கொடுத்தால் கடைசிக்குப் போய்விடுவார். அதே ஆள், அதே உழைப்பு. ஐந்து பேர் கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது முதல் பெயரும் 'எட் அல்.' (மற்றும் பலர்) என்பதும்தான் நிற்கும், விஜயா அந்த எட் அல்லுக்குள் போய்விடுவார். வேலையைப் பார்த்து வரிசைப்படுத்திப் பழகிய துறைக்காரர்கள் அகரவரிசைப் பட்டியலைப் படித்தால் முதல் பெயர்க்காரர்தான் எல்லாம் செய்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையது வேதியியலும் தாவரவியலும் கலந்த கட்டுரை, படிப்பவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்களே. நண்பரும் இதைக் கேட்டதும் விட்டுக்கொடுத்தார். (எந்த வழியில் போனாலும் ஆளாளுக்கு ஆர்க்கிட் எண் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியே அடையாளம் காட்ட 2012-லிருந்து இருக்கும் பதினாறு இலக்க எண் அது, பணம் கிடையாது. இனிஷியல் முன்னும் பின்னும் மாறி ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாவதைப் பெருமளவு தடுக்கிறது.)

இனி பங்குக் குறிப்பு. இதற்குப் பரவலாகப் பயன்படுவது 'கிரெடிட்' என்ற பட்டியல். 2012-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு கூட்டத்தில் பேச்சு தொடங்கி, 2014-இல் பட்டியலாக வெளிவந்து, 2022-இல் முறையான தரநிலையாக ஏற்கப்பட்டது. மொத்தம் 14 பங்குகள். கருத்தை உருவாக்கியது, முறையை வகுத்தது, நேரடி ஆய்வு, தரவைப் பராமரித்தது, அலசல், மென்பொருள், சரிபார்ப்பு, வரைபடம், முதல் வரைவு எழுதியது, திருத்தியது, மேற்பார்வை, நிர்வாகம், பொருளும் கருவியும் தந்தது, நிதி பெற்றது. ஒருவருக்குப் பல பங்கு இருக்கலாம், ஒரு பங்கைப் பலர் ஏற்கலாம். அதில் முதன்மையாகவா, சமமாகவா, துணையாகவா என்று அளவும் குறிக்கலாம்.

விசேஷ வீட்டில் மொய் எழுதுபவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடுவதில்லை. ஊர், பெயர், தொகை மூன்றும் இருந்தால்தான் அது மொய் நோட்டு. ஆசிரியர் வரிசை மட்டும் இருக்கும் கட்டுரை தொகை எழுதாத நோட்டு மாதிரி எனக்குத் தெரிகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: கட்டுரை வந்து நாளாகிவிட்ட பிறகு ஒருவர் கேள்வி கேட்டால், பதில் சொல்லக்கூடிய ஆளைக் கட்டுரையே காட்ட வேண்டும். ஐ.சி.எம்.ஜே.இ.யின் விளக்கத்திலேயே இது இருக்கிறது. ஓர் ஆசிரியர் தன் பகுதிக்குப் பொறுப்பேற்பதோடு, மற்றப் பகுதிகளுக்கு எந்தக் கூட்டாசிரியர் பொறுப்பு என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் வரிசையை எத்தனை முறை படித்தாலும் அதில் இது கிடைக்காது. டிரம்மண்ட் ரென்னி என்ற மருத்துவ இதழாசிரியர் தன் சகாக்களோடு 1997-இலேயே இதை எழுதினார். ஆசிரியர் என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொரு பங்களிப்பாளரும் செய்ததை வெளிப்படையாக அச்சிடுங்கள், அப்போதுதான் பெருமையும் பொறுப்பும் ஒரே ஆளிடம் சேரும் என்பது அவர்கள் வாதம்.

எங்களுக்கு இது ஏட்டளவில் நிற்கவில்லை. கட்டுரை வெளிவந்து வெகுநாள் கழித்து வேறு மாநிலத்து ஆய்வாளர் ஒருவர் நைட்ரேட் அளவீட்டின் கேலிப்ரேஷன் விவரம் கேட்டு எழுதினார். வழக்கமாக இப்படிப்பட்ட கடிதம் கரஸ்பாண்டிங் ஆதருக்கு வரும். அவர் ஸ்காலரைக் கேட்பார், ஸ்காலர் யாரையாவது கேட்பார், பழைய நோட்டுகள் அலமாரியில் இருக்கிறதா என்று தேடல் நடக்கும். இங்கே அளவீடும் தரவுப் பராமரிப்பும் எம்.எஸ்சி. மாணவியின் பங்கு என்று அச்சிலேயே இருந்தது. அவர் படிப்பை முடித்துத் திருப்பூரில் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டார். இருந்தாலும் கடிதத்தை அனுப்பிய அன்று மாலையே தன் ஆய்வக நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, எந்தத் தேதியில் எந்தக் கரைசலை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார் என்று விளக்கி அனுப்பினார். தன் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் வேலையைத் தன் வேலையாகவே அவர் இன்னும் வைத்திருந்தார். அந்தப் பரிசோதனைக்கூட நேர்காணலிலும் அவர் காட்டியது அந்த ஒரு வரியைத்தான். ஐந்தில் நான்காவது பெயர் என்று சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொறுப்பு இன்னொரு திசையிலும் வேலை செய்கிறது. எண் ஒன்று தவறு என்று தெரிந்தால், அலசலைத் தொடாத தாவரவியல் மேடம் மேல் சந்தேகம் விழாது, எங்கே தேட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போடக் கூடாது என்று 2023-இல் இதழாசிரியர்கள் அறிவித்ததற்கும் இதே காரணம்தான். கேட்டால் பொறுப்பேற்க அங்கே ஆள் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, மதிப்பெண் அட்டவணைக்கு இது கண்ணில் படுவதே இல்லை. 70-உம் 30-உம் பெயரின் இடத்தைத்தான் பார்க்கின்றன. அதனால் வரிசையை நாங்களும் கைவிடவில்லை. முதலில் பங்குகளை எழுதினோம், அதிலிருந்து வரிசையைப் பெற்றோம். வரிசையை முடிவுசெய்துவிட்டுப் பிறகு அதற்கு ஏற்றாற்போல் பங்கை நிரப்பினால் இந்த முறைக்கு அர்த்தமே போய்விடும்.

இரண்டாவது, எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடலாம், தடுக்க ஆள் கிடையாது. மேலே இருப்பவர் 'கருத்து உருவாக்கம்' என்று எழுதினால் மறுக்கும் தைரியம் ஸ்காலருக்கு வருமா? எங்கள் குழுவில் அந்தச் சிக்கல் வரவில்லை என்பதை வைத்து மற்ற இடங்களிலும் வராது என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த வரையில் உதவியது இரண்டு. ஆய்வு தொடங்கும் முன்பே ஒரு தாளில் எதிர்பார்க்கும் பங்குகளை எழுதிக் கையெழுத்துப் போடுவது, முதல் வரைவு முடிந்ததும் அதே தாளை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் திருத்துவது. எங்கள் ஸ்காலர் இரண்டாவது முறை தாள் வந்தபோது, "சார், வரைபடம் எல்லாம் நான்தான் போட்டேன், அது இதுல வரலையே" என்று தயங்காமல் சொன்னார். சேர்த்தோம்.

மூன்றாவது, சிலர் எந்தக் கட்டத்திலும் சரியாக உட்கார மாட்டார்கள். மாடக்குளத்தில் மடை பார்க்கும் பெரியவர், "அங்கிட்டு எடுக்காதீக தம்பி, அது சாக்கடை கலக்குற எடம், கலுங்குப் பக்கம் வாங்க" என்று சொல்லியிருக்காவிட்டால் எங்கள் மாதிரி எடுக்கும் இடங்களே வேறாகியிருக்கும். இரண்டு இடத்திலும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்ற எண்ணமே அதன் பிறகுதான் வந்தது. அது கருத்து உருவாக்கமா? அவர் வரைவைப் படிக்கவில்லை, இறுதி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லவில்லை. நான்கு நிபந்தனைப்படி அவர் ஆசிரியர் அல்லர். நன்றியுரையில், என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் போட்டோம். அது போதுமா என்பதில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை.

இந்த முறை அகழாய்வுக்கு நன்றாகப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. கீழடியில் கரி மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்கும், எலும்புகள் புணே டெக்கான் கல்லூரிக்கும், பானை ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கும் போயின. குழிக்குள் இறங்கி மண் அள்ளியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். இத்தனை கை பட்ட வேலையை நான்கு பெயருக்குள் அடக்குவது கடினம். ஆனால் நான் தொல்லியல் படித்தவன் அல்லன், அந்தத் துறைக்காரர்கள் வேறு காரணம் வைத்திருக்கலாம். தமிழ்த் துறை நண்பர்கள் பெரும்பாலும் தனியே எழுதுகிறார்கள், அவர்களுக்கு 14 கட்டங்களும் தேவைப்படாது. பழைய பதிப்பு முன்னுரைகளில் ஏடு கொடுத்தவர், பாடம் ஒப்பிட்டவர் என்று பெயரும் உதவியும் சேர்த்து எழுதிய வழக்கத்தை அவர்கள் விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

அடுத்து வைகைக் கரையில் ஒரு வேலை தொடங்குகிறோம். கணித நண்பர் அதிலிருந்து புள்ளியியல் முறை பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுத நினைக்கிறார், நாங்கள் இருவர்தான் ஆசிரியர்கள், அகரவரிசை கேட்கிறார். படிப்பவர்கள் கணிதக்காரர்கள்தான் என்றால் எனக்கு மறுப்பில்லை. கண்மாய்க் கட்டுரைக்குப் போட்ட தாளையே அதற்கும் நிரப்பி வைத்துக்கொள்வோம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.